பிளாஸ்மா சின்ன ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் சேவை: தரவு அருமை, அறிக்கை வேண்டாம்

சுருக்கமாகச் சொன்னால், ரத்தத்தின் பிளாஸ்மாவில் (செல்களை நீக்கிய திரவப் பகுதி) உள்ள குட்டி ஆர்.என்.ஏ.க்களின் எழுத்து வரிசையைப் படித்துத் தரும் இந்த நிறுவனத்திடம் ட்யூபைத் தைரியமாக ஒப்படைக்கலாம். அவர்கள் அழகாக பைண்டு செய்தது போல அனுப்பும் பி.டி.எஃப். அறிக்கையை மட்டும் திறக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று சொல்லத்தான் இந்த விமர்சனம். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இந்தச் சேவையைத் தேடுகிறவர்கள் கீழே உள்ளதை வைத்து எந்த நிறுவனத்தையும் கேள்வி கேட்கலாம்.

நாங்கள் பார்ப்பது கல்லீரல் புற்றுநோய், அதிலும் ஹெபடோசெல்லுலர் கார்சினோமா. கல்லீரலிலேயே தொடங்கும் புற்றுநோய்களில் முக்கால் பங்குக்கு இது வந்துவிடும். 2022-இல் உலகம் முழுக்கக் கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 7,58,000 பேர். பெரும்பாலும் ஏற்கெனவே சிரோசிஸ் வந்து தழும்பேறிய கல்லீரலில்தான் கட்டி முளைக்கிறது. அதனால் சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஏ.எஃப்.பி. என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை. ஏ.எஃப்.பி. சின்னக் கட்டிகளை நிறையவே கோட்டை விடுகிறது. புற்றுநோயே இல்லாமல் ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) கிளம்பினாலும் அது ஏறிவிடுகிறது. ரத்தத்தில் மிதக்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் இதைவிட நன்றாகச் சொல்லுமா என்பதுதான் எங்கள் கேள்வி. புரதம் எதையும் செய்யச் சொல்லாத, இருபது முப்பது எழுத்து நீளமே உள்ள துண்டுகள் இவை. அனுப்பியது இரண்டு குழுவினரின் பிளாஸ்மா: புற்றுநோய் உள்ளவர்கள், சிரோசிஸ் மட்டும் உள்ளவர்கள். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களோடு ஒப்பிட்டால் எந்தக் குறியீடும் பிரமாதமாகத்தான் தெரியும். கிளினிக்கில் மருத்துவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஆரோக்கியமானவர் இல்லையே.

முதலில் பாராட்டு. மாதிரி வாங்கும் பிரிவில் இருப்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். அனுப்புவதற்கு முன்பே ஒரு பக்கக் குறிப்பு வந்தது. ரத்தம் உறையாமல் தடுக்க இ.டி.டி.ஏ. போட்ட ட்யூபில்தான் எடுக்க வேண்டும், ஹெப்பரின் கூடாது (மரபணுத் துண்டுகளைப் பெருக்கி அளக்கும் முறையான பி.சி.ஆரின் என்சைம்களை ஹெப்பரின் பின்னால் முடக்கும்). மையவிலக்குக் கருவியில் இரண்டு முறை சுழற்ற வேண்டும். இந்த இரண்டாவது சுழற்சியைப் பலரும் வெட்டிவேலை என்று விட்டுவிடுகிறார்கள். முதல் சுழற்சியில் போகாத பிளேட்லெட்டுகள் அதில்தான் அடியில் தங்கும். மிர்-223 போன்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் (மரபணுக்களை அமுக்கிக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்.என்.ஏ.க்கள், "மிர்" என்பது அவற்றின் பெயர்ச் சுருக்கம்) பிளேட்லெட்டில் குவிந்து கிடக்கின்றன. பிளேட்லெட்டோடு உறைய வைத்து உருக்கினால் அதெல்லாம் வெடித்து வெளியே வந்து, புற்றுநோய் நோயாளிக்கு மிர்-223 ஏறிவிட்டது என்று நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருப்போம்.

ட்யூப்கள் போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு ட்யூபையும் வெள்ளைத் தாளின் முன்னால் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது சிலவற்றில் இளஞ்சிவப்பாக இருந்தது. சிவப்பணு உடைந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத அளவு உடைந்திருந்தாலும் ஆபத்துதான் என்பதால் 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலையும் பார்த்தார்கள், அங்கேதான் ஹீமோகுளோபின் எட்டிப் பார்க்கும். அதோடு நிற்காமல், ஆர்.என்.ஏ. எடுத்த பிறகு மிர்-451ஏ, மிர்-23ஏ இரண்டையும் பி.சி.ஆரில் ஓட்டி வித்தியாசம் எடுத்தார்கள். மிர்-451ஏ சிவப்பணுவுக்குள் கொட்டிக் கிடப்பது, மிர்-23ஏ சிவப்பணு உடைவதால் பெரிதாக மாறாது. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 5 பி.சி.ஆர். சுழற்சிக்குக் கீழே என்றால் நிம்மதி, 7-ஐத் தாண்டினால் அந்த ட்யூபை ஓரம் கட்டு. எங்கள் ட்யூப்களில் சிலவற்றை அவர்களே, "இதை ஓட்டலாம், ஆனால் ஓட்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். ஓட்டியிருந்தால் அவர்களுக்குக் கூடுதல் பணம். அதை விட்டுக்கொடுத்துவிட்டு ஒரு சேவை நிறுவனம் இப்படி எழுதுவது அபூர்வம்.

ஆர்.என்.ஏ. எடுப்பதிலும் குறை இல்லை. 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் இருக்கும் ஆர்.என்.ஏ.வை ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் நானோட்ராப் கருவியில் அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது, அவ்வளவு சொற்பம். அதனால் மனிதனிடம் இல்லாத செயற்கை ஆர்.என்.ஏ. ஒன்றைத் தெரிந்த அளவில் சேர்த்து, கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்ப்பார்கள். சி. எலிகன்ஸ் என்ற நூற்புழுவின் மிர்-39 இதற்கு வழக்கமான தேர்வு. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற ஒன்று இருப்பதே 1993-இல் அந்தப் புழுவில்தான் தெரிந்தது. அதற்காகத்தான் ஆம்ப்ரோஸுக்கும் ரவ்கனுக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செயற்கை ஆர்.என்.ஏ.வை புரதங்களைச் சிதைக்கும் லைசிஸ் கரைசல் ஊற்றிய பிறகுதான் சேர்க்க வேண்டும். வெறும் பிளாஸ்மாவில் சேர்த்தால் அங்கிருக்கும் ஆர்.என்.ஏஸ்கள் (ஆர்.என்.ஏ.வை வெட்டும் என்சைம்கள்) நொடியில் தின்று தீர்த்துவிடும். நோயாளியின் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் பிழைத்திருப்பது, பெரும்பாலும் ஆர்கோநாட்-2 புரதத்தின் பிடிக்குள் பத்திரமாக இருப்பதால். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று தொலைபேசியில் விசாரித்தேன். "மேடம், லைசிஸுக்கு அப்புறம்தான், முன்னாடி போட்டா ஒண்ணும் மிஞ்சாது" என்று டெக்னீஷியன் பையன் சட்டென்று சொன்னான். கையால் வேலை செய்கிறவர்களிடம் பேசவிடுகிறார்கள் என்பதே ஒரு ப்ளஸ்.

லைப்ரரி, அதாவது கருவி படிப்பதற்குத் தயார் செய்த தொகுப்பு பற்றி இரண்டு வார்த்தை. குட்டி ஆர்.என்.ஏ.வின் இரண்டு முனையிலும் அடாப்டர் (கருவி பிடித்துப் படிக்க உதவும் செயற்கைத் துண்டு) ஒட்டுவார்கள். பிளாஸ்மாவில் ஆர்.என்.ஏ. குறைவாக இருப்பதால் அடாப்டரும் அடாப்டரும் தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளும். நமக்கு வேண்டிய பட்டைக்கும் இந்த வெற்று ஜோடிக்கும் ஜெல்லில் இடைவெளி வெறும் இருபத்துச் சொச்சம் எழுத்துதான். அசிரத்தையாக வெட்டினால் பாதி ரீட்கள் (கருவி படித்த வரிசைகள்) வெற்று ஜோடியிலேயே போய்விடும். இவர்கள் அனுப்பிய வரைபடங்களில் பட்டை சுத்தமாக இருந்தது. ஒட்டும் என்சைமுக்குச் சில முனைகளைப் பிடிக்கும், சிலவற்றைப் பிடிக்காது. அதைச் சமன் செய்ய முனையில் நான்கு எழுத்துகளைக் கலந்துகட்டி வைத்த அடாப்டர்களைப் பயன்படுத்துகிறார்கள். கேட்காமலே செய்திருந்தார்கள்.

இனிமேல் குறைகள்.

நாங்கள் இரண்டு குழுக்களையும் நன்றாகக் கலைத்து, வரிசை எண் போட்டு, இந்த வரிசையில்தான் பல குழிகள் கொண்ட தட்டில் வைக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினோம். அங்கே யாரோ எக்ஸெலில் பெயர்வாரியாக அடுக்கிவிட்டார்கள். எங்கள் பெயரிடும் முறையில் புற்றுநோய் ட்யூப்கள் எல்லாம் முன்னால் வரும். விளைவு, புற்றுநோய்க்காரர்கள் முதல் தட்டில், சிரோசிஸ்காரர்கள் இரண்டாம் தட்டில். தட்டுக்குத் தட்டு, நாளுக்கு நாள் வேறுபாடு இருக்கும். பிறகு எந்த வித்தியாசம் நோயால் வந்தது, எது தட்டால் வந்தது என்று பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. தரவோடு வந்த தட்டு வரைபடத்தைப் பார்த்ததும்தான் குட்டு வெளிப்பட்டது. சொன்னதும் மறு பேச்சில்லாமல், மிச்சம் வைத்திருந்த ஆர்.என்.ஏ.வில் இருந்து லைப்ரரியை இலவசமாக மறுபடி செய்தார்கள். ஆனால் அந்த மிச்சம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ட்யூபில் நோயின் பெயர் தெரியும்படி எதுவும் எழுதாதீர்கள், தட்டு வரைபடத்தை ஓட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். இந்த இரண்டையும் அவர்களது குறிப்புத் தாளில் சேர்த்திருக்கலாம்.

அடுத்து அறிக்கை. அறுபது எழுபது பக்கம், வழவழ தாளில் அச்சிடத் தகுந்த வண்ணங்கள். முதல் படத்திலேயே மிர்-122 கொட்டை எழுத்தில், பக்கத்தில் "கல்லீரல் புற்றுநோய்க் குறியீடு, உயர்வு" என்று சிவப்பு அம்பு. இந்த ஒரு அம்பைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம்.

மிர்-122 கல்லீரலின் சொந்தச் சரக்கு. கல்லீரல் செல்லில் உள்ள மொத்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வில் ஏறத்தாழ 70 சதவீதம் இதுவே. ஹெபடைடிஸ் சி வைரஸ்கூட தன் ஆர்.என்.ஏ.வின் முனையில் இதை ஒட்ட வைத்துக்கொண்டுதான் பெருகுகிறது. எலியில் இந்த மரபணுவை நீக்கினால் கொழுப்பு சேர்ந்து, அழற்சி வந்து, தழும்பேறி, கடைசியில் கட்டியே வருகிறது என்று 2012-இல் காட்டினார்கள். அதாவது கட்டியைத் தடுக்கும் பக்கத்தில் நிற்பது இது. கல்லீரல் புற்றுநோய்த் திசுவை எடுத்துப் பார்த்தால் பல நோயாளிகளிடம் மிர்-122 குறைந்துதான் இருக்கிறது. அப்படியிருக்க ரத்தத்தில் ஏன் ஏறுகிறது? கல்லீரல் செல் உடையும்போது உள்ளே இருந்தது வெளியே சிந்துகிறது. புற்றுநோய், வைரஸ், மருந்து நச்சு, மது, எதனால் உடைந்தாலும் சிந்தும். கல்லீரல் செல் சேதத்தைக் காட்டும் வழக்கமான ரத்தப் பரிசோதனையான ஏ.எல்.டி. சொல்வதையே இதுவும் வேறு குரலில் சொல்கிறது. எங்கள் தரவில் சிரோசிஸ்காரர்களிலும், ஏ.எல்.டி. ஏறியிருந்தவர்களுக்கு மிர்-122 ஏறித்தான் இருந்தது. அறிக்கையில் ஏ.எல்.டி. என்ற சொல்லே இல்லை. நாங்கள் மாதிரிப் படிவத்தில் அதை நிரப்பி அனுப்பியிருந்தோம்.

மிர்-21-க்கும் இதே கதி. அது பி.டி.இ.என். என்ற கட்டித் தடுப்புப் புரதத்தை அமுக்குகிறது, கல்லீரல் புற்றுநோய்த் திசுவில் ஏறுகிறது, எல்லாம் உண்மை. ஆனால் நுரையீரல், குடல், மார்பகம் என்று எங்கே புற்றுநோய் வந்தாலும் ஏறுவதும் அதுவே. அழற்சியிலும் ஏறும். மிர்-221 மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை அதிகம், அது பி27 என்ற செல் பிரிவுத் தடையை நீக்குவது ஓரளவு தெளிவாகத் தெரிந்த கதை. திசுவில் பேசும் அளவுக்கு பிளாஸ்மாவில் அது பேசுமா என்பதுதான் கேள்வி. அறிக்கையோ எங்கள் பிளாஸ்மா எண்களுக்குப் பக்கத்தில் டி.சி.ஜி.ஏ. என்ற பொதுப் புற்றுநோய் மரபணுத் தரவுத்தொகுப்பில் உள்ள 377 கல்லீரல் புற்றுநோய் நோயாளிகளின் திசு எண்களை வைத்து, "பொது தரவோடு ஒத்துப்போகிறது" என்று எழுதியிருந்தது. மிர்-122-இல் இரண்டும் எதிர்த் திசையில் நிற்கின்றன. படத்தில் அது பளிச்சென்று தெரிகிறது. எழுதியவர் படத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது "இதர" என்ற பத்தியைப் பார்த்துத்தான். பிளாஸ்மா ரீட்களை நீளவாரியாக அடுக்கினால் 22 எழுத்தில் ஒரு மலை வரும், அது மைக்ரோ ஆர்.என்.ஏ. 30-இலிருந்து 33 வரை இன்னொரு மலை வரும். அங்கே இருப்பவை டி.ஆர்.என்.ஏ. (புரதம் கட்ட அமினோ அமிலம் சுமந்து வரும் ஆர்.என்.ஏ.) பாதியாக முறிந்த துண்டுகள், ஒய் ஆர்.என்.ஏ. (செல்லில் உள்ள இன்னொரு வகைச் சின்ன ஆர்.என்.ஏ.) துண்டுகள். இந்த இரண்டாவது மலையை அவர்கள் மென்பொருள் அப்படியே அள்ளி "இதர" என்ற குப்பைக்கூடையில் போட்டுவிட்டது. சின்ன ஆர்.என்.ஏ. என்று விளம்பரம், எண்ணுவது மைக்ரோ ஆர்.என்.ஏ. மட்டும். டி.ஆர்.என்.ஏ. துண்டுகள் கல்லீரல் புற்றுநோயில் என்ன செய்கின்றன என்பது இப்போது சூடு பிடித்திருக்கும் பகுதி. அதற்காகவே பலர் சீக்வென்சிங்குக்கு வருகிறார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. மட்டும் போதும் என்றால் பி.சி.ஆரே போதுமே.

அதில் இன்னொரு உள்விஷயமும் இருக்கிறது. ஆஞ்சியோஜெனின் என்சைம் வெட்டிய டி.ஆர்.என்.ஏ. துண்டின் முனையில் வளைய பாஸ்பேட் ஒன்று மூடி போட்டு உட்கார்ந்திருக்கும். சாதாரண முறையில் அதில் அடாப்டர் ஒட்டாது. டி4 பி.என்.கே. என்சைமால் அந்த மூடியைக் கழற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஆக, நமக்குத் தெரியும் இரண்டாவது மலை உண்மையில் இருப்பதைவிடக் குட்டையானது. இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், விலைப்பட்டியலில் கடைசிப் பக்கத்தில் "சிறப்பு" என்று ஒரு வரியாக. முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது.

"பி-ஆர்.என்.ஏ. கண்டறியப்பட்டது" என்று ஒரு அத்தியாயமும் இருந்தது. பி-ஆர்.என்.ஏ. என்பது முக்கியமாக விந்தணு, முட்டை உருவாகும் செல்களில் வேலை செய்யும் இன்னொரு வகைக் குட்டி ஆர்.என்.ஏ. நான்கைந்து வரிசைகளை எடுத்து மரபணுத் தொகுப்பில் நானே தேடிப் பார்த்தேன். டி.ஆர்.என்.ஏ.விலும் ஒய் ஆர்.என்.ஏ.விலும் எழுத்துக்கு எழுத்து பொருந்தின. பி-ஆர்.என்.ஏ. தரவுத்தளங்களில் இப்படி வழி தவறி வந்தவை ஏராளம். இது ஏதோ அற்ப விஷயம் இல்லை. 2011-இல் 934 பேரின் பிளாஸ்மாவைப் பார்த்து ஏழு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கொண்ட கல்லீரல் புற்றுநோய்ப் பட்டியல் ஒன்று வெளிவந்தது. நல்ல ஆய்வு, பெரிய ஆய்வு, அதன் வழியில் பின்னாளில் ஒரு பரிசோதனை கிட் (பரிசோதனைப் பெட்டி) கூட வந்தது. அந்த ஏழில் ஒன்று மிர்-801. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் பொதுத் தரவுத்தளமான மிர்பேஸ் பிறகு அதைப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டது. அது யு11 என்ற வேறொரு ஆர்.என்.ஏ.வின் துண்டு. துண்டாக இருந்தாலும் நோயைக் காட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அது என்ன என்று தெரிந்து அளப்பது நல்லது. மிர்பேஸ் 22.1-இல் மனிதனுக்கு 1,917 மைக்ரோ ஆர்.என்.ஏ. முன்னோடிகள் (வெட்டப்படுவதற்கு முந்தைய நீள வடிவங்கள்) இருக்கின்றன. கறாராகச் சல்லடை போடும் மிர்ஜீன்டிபி என்ற இன்னொரு தரவுத்தளம் ஒப்புக்கொள்வது ஐந்நூற்றுச் சொச்சம்தான். எந்தப் பட்டியலை வைத்து எண்ணினீர்கள் என்று அறிக்கையில் ஒரு வரியாவது இருக்க வேண்டாமா?

கடைசி இணைப்பு "சிகிச்சை வாய்ப்புகள்". அதை எழுதியவர் பத்து வருடத்துக்கு முன்பே நின்றுவிட்டார் போல. மிர்-34ஏ-வின் செயற்கை வடிவமான எம்.ஆர்.எக்ஸ்.34 பற்றி ஆஹா ஓஹோ என்று ஒரு பத்தி. கல்லீரல் புற்றுநோய் உள்ளவர்களையும் சேர்த்து நடந்த அந்தச் சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. அதைப் பற்றி மூச்சே இல்லை. மிர்-122-ஐ முடக்கும் மிராவிர்சென் புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கிறது. அது ஹெபடைடிஸ் சி-க்காகச் சோதித்த மருந்து. புற்றுநோயில் ஏற்கெனவே குறைந்துபோன ஒன்றை இன்னும் முடக்கு என்று யார் சொன்னார்கள்? சி.இ.பி.பி.ஏ. மரபணுவைத் தூண்டிவிடும் சின்ன இரட்டை இழை ஆர்.என்.ஏ. மருந்தைக் கல்லீரல் புற்றுநோய் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது பட்டியலிலேயே இல்லை.

அறிக்கையில் உள்ள பாதை வரைபடங்கள் (செல்லுக்குள் மரபணுக்கள் சேர்ந்து இயங்கும் வழிகளின் படங்கள்) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. பட்டியலைப் போட்டாலும் "புற்றுநோயில் உள்ள பாதைகள்" மேலே வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கணினி நூற்றுக்கணக்கில் இலக்குகளை ஊகிக்கிறது, மனிதர்கள் அதிகம் படித்து எழுதி வைத்திருப்பதும் புற்றுநோய் மரபணுக்களைத்தான். சோதனைக்காக, எங்கள் தரவில் துளியும் மாறாத மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கொடுத்து அதே மென்பொருளை ஓட்டினேன். அதே படம்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். தரவுப் பிரிவில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டுப் பேசினார். "நீங்க சொல்றது சரிதான் மேடம், ஆனா பெரும்பாலான கஸ்டமர்ஸ் அந்தப் படம் இல்லைன்னா கேட்டுக் கேட்டு வாங்குறாங்க" என்றார். நம்புகிறேன். படத்தைக் கேட்கிறவர்கள் நாம்தான், அவர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. "இதர" கோப்பை எனக்குத் தனியாக அனுப்பி வைத்தார். நீளம் வாரியாக, எதையும் வெட்டாமல், ஒழுங்காக இருந்தது. அதாவது தரவு அவர்களிடம் இருக்கிறது. அறிக்கைதான் அதைத் தொடவில்லை.

யாருக்கு இந்தச் சேவை? சொந்தமாகத் தரவைப் பிரித்து மேயத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது இருந்தால் தாராளமாகப் போங்கள். அவர் இல்லாவிட்டால் முதலில் அவரைத் தேடுங்கள். நண்பர் ஒருவர், தன் அப்பாவுக்கு சிரோசிஸ் இருப்பதால் அவர் ரத்தத்தை இங்கே கொடுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம். இது ஆராய்ச்சிக்கான சேவை, ஒரு தனி மனிதருக்கு உண்டு இல்லை என்று சொல்லும் பரிசோதனை இல்லை. அந்தச் சிவப்பு அம்பைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் தூக்கம் இழக்கும். அவருக்கு வேண்டியது ஆறு மாத அல்ட்ராசவுண்டைத் தவறவிடாமல் இருப்பது.

நாங்கள் மறுபடியும் இவர்களிடமேதான் கொடுக்கப் போகிறோம். புது ஆர்டரில் மூன்று நிபந்தனைகள் எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று: ஓட்டுவதற்கு முன் தட்டு வரைபடம் எங்கள் ஒப்புதலுக்கு வர வேண்டும், மூடியைக் கழற்றும் பி.என்.கே. வேலையும் செய்ய வேண்டும், எந்த நீளத்தையும் வெட்டாத மூலக் கோப்புகள் வேண்டும். அறிக்கை என்ற கட்டத்தில் "தேவையில்லை" என்று டிக் செய்திருக்கிறேன். அதற்காகக் கொஞ்சம் தள்ளுபடியும் கிடைத்தது.